முதல் ‘வேண்டாம்’

அத்தியாயம் 9

நுரையீரலில் ஓட்டை விழுந்து பதினோரு நாள் பின்லாந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்று மைல்ஸ் ஸினட்டைப் பார்த்தால் யாரும் சத்தியமாக நம்ப மாட்டார்கள். பாரிஸில் மகள் வாங்கி வந்த இரண்டு பேர் ரொட்டியில் ஒன்றரை பேர் பங்கை அவரே தீர்த்துவிட்டு, இப்போது ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து நார்மண்டி மாடுகளுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆறு வாரத்துக்கு விமானம் கூடாது” என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒற்றை வரிதான் அப்பாவையும் மகளையும் நாலு நாளாகக் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. ஹெல்சின்கியில் கப்பல், ஹாம்பர்கில் ரயில், கொலோனில் ரயில், பாரிஸில் ஒரு ராத்திரி. இன்று மாலை ஐந்தரைக்கு ஷெர்பூர் துறைமுகத்தில் கடைசிக் கப்பல். நாளை மதியம் அயர்லாந்தின் ராஸ்லேரில் இறங்கினால் அங்கிருந்து வீடு இருபது நிமிஷம். நாளை மறுநாள் சனிக்கிழமை, இளையவள் பிரீட்டுக்குக் கல்யாணம்.

மாதா கோயிலில் பிரீட்டின் கையைப் பிடித்து அழைத்துப் போக அப்பா வேண்டும். அதனால் கப்பலைத் தவறவிடக் கூடாது. அடுத்த கப்பல் சனிக்கிழமை சாயங்காலம்தான்.

ஆனால் அப்பாவைக் கரையில் ஒப்படைத்துவிட்டு, நாளை இரவே அதே கப்பலில் திரும்பிவிடப் போகிறாள் மூத்தவள் ஊனா. தங்கையின் கல்யாணத்துக்கு அவள் நிற்கப் போவதில்லை. இது அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நாலு நாளாகச் சொல்ல வாயெடுத்து, நாலு நாளாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

வலோன் ஊரைத் தாண்டியதும் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

“என்னவாம்?” என்றார் மைல்ஸ்.

எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பெயர் சோலாஞ்ஜ். ஷெர்பூரில் பூக்கடை வைத்திருக்கிறாள். சின்ன வயதில் ஜெர்ஸித் தீவு ஹோட்டல்களில் வேலை பார்த்ததால் ஆங்கிலம் சரளமாக வந்தது. “தண்டவாளத்துல மாடுங்க நிக்குதாம்.”

மைல்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்பது வருஷம் பால் கறந்த மனிதர். “எத்தனை மாடு?”

“அதைச் சொல்லலையே.”

“சொல்லணும்ல? ஒண்ணுன்னா விரட்டிடலாம். இருபதுன்னா முதல் மாட்டைத் திருப்பணும், மத்ததெல்லாம் தானா வரும். இவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் வேணா இறங்கி...”

“அப்பா, உட்காருங்க” என்றாள் ஊனா.

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா.”

பேச்சுக்குச் சொல்லவில்லை என்பது அவர் ஷூ முடிச்சைச் சரிபார்த்ததிலேயே தெரிந்தது. சோலாஞ்ஜ் மறுபடி சிரித்தாள். தன் கூடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நீட்டினாள். “சாப்பிடறீங்களா?”

“ஐயையோ, வேண்டாங்க.”

ஆப்பிள் கூடைக்குள் திரும்பிப் போனது. மைல்ஸின் கண்கள் அதன் பின்னாலேயே போய்விட்டு ஜன்னலுக்குத் திரும்பின.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. காரோடு கப்பலேறுகிறவர்களுக்குக் கவலையில்லை. நடந்து ஏறுகிறவர்களுக்கோ நாலரைக்கு டிக்கெட் ஜன்னலை மூடிவிடுவார்கள். ஊனா டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை அப்பாவின் மடியில் வைத்தாள். “இதைப் பாத்துக்கங்க. கப்பல் ஆபீசுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன். இங்க சிக்னல் இல்லை.”

போனில் மட்டும் தெரியும் டிக்கெட்டை மைல்ஸ் டிக்கெட்டாகவே மதிக்க மாட்டார். அவருக்காகத்தான் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்து வைத்திருந்தாள்.

பெட்டியின் கோடியில் நின்று போன் பேசினாள். கப்பல் ஆபீசில் ஒரு பையன் மிகவும் அன்பாக, நாலு முப்பத்தொன்றுக்கு வந்தால் எதுவும் செய்வதற்கில்லை என்று சொன்னான். அவள் திரும்பி வந்தபோது உறை அப்பாவின் மடியில் அப்படியே இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நகரத் தொடங்கியது. மாடுகள் வரிசையாக வயலுக்குள் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊனா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர, அப்பாவைப் பார்க்கவில்லை.

நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு ஷெர்பூரில் இறங்கினார்கள். துறைமுகம் இரண்டு கிலோமீட்டர். ஊனா பெட்டிகளையும் அப்பாவையும் நிலையத்து வாசலில் நிறுத்திவிட்டு டாக்ஸி நிற்கும் இடத்துக்கு ஓடினாள். ஒரு வண்டியும் இல்லை. விண்ணேற்றத் திருநாள் வியாழன். இங்கே ஊரே விடுமுறையில் இருந்தது. அங்கே ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸும் இல்லை.

ஓடி வந்தவள் பார்த்தது இதைத்தான்: சிவப்பு நிறச் சின்னக் கார் ஒன்று வளைவில் திரும்பி மறைந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு கையைப் பாதி தூக்கியபடி, வாயையும் பாதி திறந்தபடி நின்றிருந்தார்.

“என்னப்பா?”

“அந்தம்மா கார் இங்கதான் நிறுத்தி வெச்சிருந்தாங்க போலிருக்கு.”

“சரி?”

“துறைமுகத்துல கொண்டுபோய் விடட்டுமான்னு கேட்டாங்க.”

“அட! நல்லதாப் போச்சு. எங்க அவங்க?”

“போயிட்டாங்க.”

ஊனா கார் மறைந்த வளைவைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

“உங்களுக்கு ஏன் சிரமம், வேண்டாம்னேன்.”

“ஏம்ப்பா? ஏன் வேண்டாம்னீங்க?”

“முதல் தடவைதானேம்மா கேட்டாங்க!” என்றார் மைல்ஸ். அவர் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. “‘அப்படியா, சரி, நல்லபடியாப் போயிட்டு வாங்க’ன்னு கைகுலுக்கிட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. ஒரு மனுஷி இப்படியா கேப்பா? நான் அடுத்த வேண்டாமுக்கு வாயைத் தொறக்கறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு.”

அவர்கள் மாவட்டமான வெக்ஸ்ஃபோர்டில் எந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாலும் நடக்கிற கதைதான். டீ சாப்பிடறீங்களா என்பார்கள். இப்பதான் குடிச்சேன் என்பீர்கள். அரைக் கோப்பை என்பார்கள். ஐயோ எழுந்திருக்காதீங்க என்பீர்கள். மூன்றாவது தடவை கேட்கும்போது கெட்டிலில் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். முதல் தடவையே சரி என்று சொல்பவன் பேராசைக்காரன். முதல் வேண்டாமோடு விட்டுவிடுகிறவன் கல்நெஞ்சுக்காரன்.

பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் பதினெட்டு வருஷம் வாழ்ந்த ஊனாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் மறந்துபோய்விட்டது. போன புதிதில் நூலகத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் காபி வேண்டுமா என்று கேட்க, இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் பூராவும் காலியான கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு கற்றுக்கொண்டாள். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் ஊரில் வாழ்வது!

“நடங்க” என்றாள் கடுப்பாக. “மெதுவா நடங்க. நடந்தே போயிடலாம்.”

இரண்டு பெட்டிகளையும் அவளே உருட்டினாள். பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. மைல்ஸ் கொஞ்ச தூரம் வீறாப்பாக நடந்தார். கால்வாய்ப் பாலத்துக்கு வந்ததும் நடை தளர்ந்தது. உதடு லேசாக வெளுத்தது. விலா எலும்பின் இடது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டார்.

“உட்காருங்கப்பா.”

“நேரமாச்சேம்மா.”

“உட்காருங்கன்னு சொல்றேன்ல.”

பாலத்துக்கு அப்பால் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் சாய்ந்து மூச்சை எண்ணி எண்ணி விட்டார். நாலு பதினாறு. தூரத்தில் கப்பலின் வெள்ளைத் தலை தெரிந்தது. ஊனா அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள். கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்ததும் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, பயம்தான் மிஞ்சியது.

“கப்பல் போனா போகட்டும்” என்றாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.”

மூச்சு சீராக ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு, ஏதோ தட்பவெப்பத்தைப் பற்றிச் சொல்வது போல் அவர் சொன்னார்:

“நாளைக்கு ராத்திரியே திரும்பிப் போறே போலிருக்கு.”

ஊனா அவர் சட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

“காகிதத்துல பாத்தேன். போறதுக்கு ரெண்டு பேர். திரும்பறதுக்கு ஒருத்தர். முதல்ல அச்சுப் பிழைன்னு நெனைச்சேன்.”

“பிழை இல்லைப்பா.”

“சனிக்கிழமை உன் தங்கச்சிக்குக் கல்யாணம்.”

“அவதான் வேண்டாம்னா.” நாலு நாளாக விழுங்கியது ஒரேயடியாக வந்தது. “கிறிஸ்துமஸுக்கு எழுதினா. மே மாசம் கல்யாணம், ரொம்ப தூரம், உனக்குச் சிரமம்னா வர வேண்டாம், நாங்க ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டோம்னு எழுதினா. நான் சரின்னு எழுதிட்டேன். வாழ்த்து சொன்னேன். பூ அனுப்பச் சொல்லிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அவ்வளவுதான்.”

“ஒரே தடவைதான் சொன்னாளா?”

“எத்தனை தடவை சொல்லணும்? அவ எழுதினா, நான் படிச்சேன்!”

மைல்ஸ் தன் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார். இந்த மனிதர் தொப்பியைக் கழற்றினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“அம்மாவுக்கும் அப்படித்தான் ஆச்சு, இல்லையா?” என்றார்.

அந்த ஒரு பேச்சைத்தான் இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிப்ரவரியில், அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்த வாரம் ஊனா போன் செய்தாள். ‘நான் கிளம்பி வரட்டுமாம்மா?’ என்று கேட்டாள். ‘ஐயோ வேண்டாம்டி கண்ணு. அவ்வளவு தூரம். உனக்கு வேலை இருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்றாள் அம்மா. குரல் தெளிவாக இருந்தது. ‘சரிம்மா, ஈஸ்டருக்கு வரேன்’ என்றாள் மகள். பதினோராம் நாள் அம்மா போய்விட்டாள். அடக்கத்துக்கு ஊனா வந்து சேர்ந்தபோது, வாசலில் நின்ற பிரீட் அக்காவைக் கட்டிக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தது போல் கையைக் கொடுத்தாள்.

“நான் கேட்டேன்பா” என்றாள் ஊனா. “வரட்டுமான்னு கேட்டேன். அம்மாதான் வேண்டாம்னு சொன்னா. நான் வராம இருக்கலை. எல்லாரும் நான் வரலை வரலைன்னு...”

“தெரியும். பக்கத்துலதான் இருந்தேன்.” மைல்ஸ் தொப்பியின் விளிம்பைத் தடவினார். “போனை வெச்சுட்டு அம்மா என்ன சொன்னா தெரியுமா? ‘நாளைக்கு மறுபடி கேப்பா’ன்னா. மாடி அறையில உன் கட்டிலுக்கு வேற விரிப்பு போடச் சொன்னா. பிரீட்தான் போட்டா. மறுநாள் நீ போன் பண்ணலை. அதுக்கு மறுநாள் பண்ணினே, மருந்தைப் பத்திக் கேட்டே, பனியைப் பத்திச் சொன்னே. அதைக் கேக்கலை.”

ஊனா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கு எப்படிப்பா தெரியும்?”

“தெரியும்னு நெனைச்சோம். எங்க வீட்டுலதானே வளர்ந்தே.” தொப்பியை முழங்கால் மேல் திருப்பி வைத்தார். “உன்னைக் குத்தம் சொல்லலைம்மா. நான் போனை வாங்கி, ‘உடனே கிளம்பி வாடி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்துல இருந்தா, அவளை மீறி எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். வான்னு கூப்பிட எங்க யாருக்கும் வாய் வரலை. ரெண்டு வருஷமா மாட்டுத் தொழுவத்துல நின்னு அதையேதான் நெனைச்சுட்டு இருக்கேன்.”

அவர் தன் பெரிய, காய்த்துப்போன கையை மகளின் தலைமேல் வைத்தார். சின்ன வயதுக்குப் பிறகு அவர் அப்படி வைத்ததே இல்லை. ஊனா அழுதாள். ஷெர்பூர் வீதியில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. குதிரை ஏற்றும் லாரி ஒன்று பெஞ்சை ஒட்டி வந்து நின்றது. நம்பர் பலகையில் வெக்ஸ்ஃபோர்டு எழுத்துகள். ஓட்டுகிறவன் ஐம்பது வயதிருப்பான், நடைபாதைப் பக்கத்து ஜன்னலில் முழங்கையை ஊன்றித் தலையை நீட்டினான்.

“கப்பலுக்கா?”

“ஆமா தம்பி” என்றார் மைல்ஸ். “நீங்க நம்ம பக்கமா?”

“ஓய்ல்கேட் ஊரு. பேரு மோக் கீஹோ. ரெண்டு குட்டிக் குதிரையை வித்துட்டுத் திரும்பறேன். ஏறுங்கய்யா, கொண்டுபோய் விடறேன்.”

“ச்சே ச்சே, வேண்டாம் தம்பி. கிட்டத்தானே இருக்கு.”

ஊனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நாலு இருபத்திரண்டு! வாயைத் திறக்கப் போனாள்.

“என்ன கிட்ட? உங்க முகத்தைப் பாத்தா கிட்டன்னு தோணலையே. ஏறுங்க.”

“உங்க வண்டியில இடம் எங்கப்பா இருக்கப் போகுது. ஆகாது, ஆகாது. நாங்க நடந்துடுவோம்.”

அப்போதுதான் ஊனா பார்த்தாள். ஆகாது ஆகாது என்று சொல்லிக்கொண்டே அப்பா எழுந்துவிட்டார். தொப்பியை மாட்டிக்கொண்டார். வாய் மறுத்துக்கொண்டிருக்க, கால்கள் வண்டியின் முகப்பைச் சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தன.

“மூணு பேர் உட்காரலாம்யா. ஏறப்போறீங்களா, நான் இறங்கித் தூக்கி வெக்கணுமா?”

“அப்படின்னா... உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா சரி” என்றார் மைல்ஸ், கதவை ஏற்கெனவே திறந்துவிட்டு.

ஊனா பெட்டிகளோடு ஒரு கணம் நடைபாதையிலேயே நின்றாள். அம்மாவும் அன்றைக்குப் போனில் அப்படித்தான் சொல்லியிருப்பாள். வேண்டாம் வேண்டாம் என்றபடி மாடியைப் பார்த்திருப்பாள். வாய் சொன்னது மட்டும்தான் போன் வழியாகப் பின்லாந்துக்கு வந்து சேர்ந்தது.

“ஏம்மா, உனக்கும் மூணு தடவை சொல்லணுமா?” என்றான் மோக் கீஹோ.

“வேண்டாம், இதோ வந்துட்டேன்!” என்று பெட்டிகளைத் தூக்கி உள்ளே எறிந்தாள்.

“முதல் தடவையே ஏறிட்டா!” என்று அவன் மைல்ஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

“வெளிநாட்டுல இருக்கா” என்றார் மைல்ஸ், மகளுக்காக மன்னிப்புக் கேட்கும் குரலில்.

வண்டிக்குள் குதிரைச் சாணமும் ஆரஞ்சுத் தோலும் மணத்தன. மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓய்ல்கேட் கீஹோக்களில் இவன் எந்தக் கீஹோ என்று மைல்ஸ் விசாரித்து, இவன் பெரியப்பாவிடம்தான் தன் முதல் காளைக்கன்றை வாங்கியதாகக் கண்டுபிடித்து முடிப்பதற்குள் துறைமுகம் வந்துவிட்டது. நாலு இருபத்தெட்டுக்கு ஊனா டிக்கெட் காகிதத்தை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

உள்ளே இருந்த பெண் கணினியைத் தட்டினாள். “ஸினட், ரெண்டு பேர். நாளைக்கு ராத்திரி ஒருத்தர் திரும்பறீங்க, இல்லையா?”

அப்பா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதை இன்னும் முடிவு பண்ணலை” என்றாள் ஊனா.

கப்பல் சரியாக ஐந்தரைக்குக் கட்டவிழ்த்தது. மேல்தளத்தில் காற்றுக்கு மறைவாக ஓர் இடம் பார்த்து அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, தன் சால்வையை அவர் தோளில் சுற்றினாள். சமையலறையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, அவர் நாடு நாடாகப் பையில் சுமந்து வந்த சொந்த டீத்தூள் பொட்டலங்களில் ஒன்றை அதில் போட்டுக் கையில் கொடுத்தாள். பிறகு கம்பி வேலியோரம் போய் நின்று போனை எடுத்தாள். கரை இன்னும் தெரிந்தது. சிக்னல் இரண்டு கோடு.

விரல் தங்கையின் பெயர்மேல் நின்றது. பிரீட் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்றுவிட்டால்? அது முதல் வேண்டாமா, உண்மையான வேண்டாமா என்று எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

“ஹலோ? ஏறிட்டீங்களா?” என்றது பிரீட்டின் குரல், அவசரமாக. பின்னணியில் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

“ஏறிட்டோம். அப்பா நல்லா இருக்கார். டீ குடிச்சுட்டு இருக்கார்.”

“அப்பாடா. ரொம்ப தேங்க்ஸ்க்கா. நாளைக்கு நான் துறைமுகத்துக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். நீ அலைய வேண்டாம்.”

“பிரீட்.” ஊனா கம்பியை இறுக்கிப் பிடித்தாள். “சனிக்கிழமை நான் வரட்டுமா?”

பாத்திரச் சத்தம் நின்றது.

“இல்லக்கா, பரவாயில்லை” என்றாள் பிரீட். குரல் மரத்துப் போயிருந்தது. “உனக்கு வேலை இருக்கும். நாலு நாள் அலைஞ்சிருக்கே. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.”

தம்பெரேயில் இருந்திருந்தால் ஊனா இந்த இடத்தில் ‘சரி’ என்றிருப்பாள். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

“வேலை கெடக்கட்டும். நான் வரட்டுமா?”

“இப்ப வந்து என்னத்துக்குக்கா? சாப்பாட்டு மேஜையில பேரெல்லாம் எழுதி வெச்சாச்சு. கடைசி நேரத்துல...”

“எனக்கு மேஜை வேண்டாம். சமையக்கட்டுல நின்னுக்கறேன். தட்டு கழுவறேன். கோயில்ல கடைசி வரிசையில நிக்கறேன்.” கன்னத்தில் வழிந்தது கண்ணீரா கடல் சாரலா என்று அவளுக்கே தெரியவில்லை. “நான் வரணும்னு ஆசைப்படறேன்டி. வரட்டுமா?”

எதிர்முனையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

“கடைசி வரிசையில எதுக்கு நிக்கணும்?” பிரீட் அழுதுகொண்டே சண்டை போட்டாள். “முதல் வரிசையில அப்பா பக்கத்துல உன் இடம் காலியாத்தான் கெடக்கு. மேஜையில உன் பேரும் எழுதித்தான் வெச்சிருக்கு. ஜனவரியிலேருந்து போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். அஞ்சு மாசம்டி! ஒரு தடவை வேண்டாம்னா அதோட விட்டுடுவியா? நீயெல்லாம் ஒரு அக்காவா?”

“தப்புத்தான்” என்றாள் ஊனா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “தப்புத்தான்டி. இனிமே விட மாட்டேன்.”

“அக்கா...” பிரீட்டின் குரல் தாழ்ந்தது. “அம்மா கடைசியா உனக்குன்னு ஒண்ணு சொல்லிட்டுப் போனா. உன்கிட்ட சொல்லச் சொன்னா. உன் மேல இருந்த கோவத்துல நான் ரெண்டு வருஷமா சொல்லாமலே வெச்சிருக்கேன். அது பெரிய பாவம்னு எனக்கே தெரியுது. நீ வந்ததும் கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிடறேன். அந்த மாடி அறை...”

“அறைக்கு என்ன? பிரீட்? ஹலோ?”

போனில் காற்றின் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அலைதடுப்புச் சுவரைக் கப்பல் தாண்டிவிட்டது. இனி நாளை மதியம் ராஸ்லேர் கண்ணில் படும் வரை சிக்னல் வராது. ஊனா போனை உயரத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கப்பலின் மறுபக்கத்துக்கு ஓடிப் பார்த்தாள். பயனில்லை.

அப்பா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னா?”

“வரச் சொல்லிட்டா.”

மைல்ஸ் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்று ஜாஸ்தி என்றார்.

ஊனா அவர் முன்னால் குனிந்தாள். “அப்பா, அம்மா எனக்குன்னு பிரீட்கிட்ட ஏதோ சொல்லியிருக்கா. மாடி அறையைப் பத்தி. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவர் கோப்பையைத் தரையில் வைத்தார். பார்வை கடலுக்குப் போயிற்று.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார் மைல்ஸ்.

ஊனா இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து, அவர் முழங்காலில் தன் முழங்கால் இடிக்கும்படி நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். ராஸ்லேருக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது.

“சொல்லுங்கப்பா” என்றாள்.